மாமாவிடம் சொன்ன விலை

ஜூன் 8, ஞாயிறு

கே.கே. நகர் வீட்டை இரண்டாம் முறை பார்த்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, குளியலறைச் சுவரில் ஓதம். ஆனால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அம்மா அங்கிருந்து நகரவேயில்லை. வீட்டுக்காரர் மாசிலாமணி அறுபத்தெட்டு லட்சம் கேட்கிறார். ஹாலில் அட்டைப்பெட்டிகள் கட்டித் தயாராக இருக்கின்றன, கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப்போகிறாராம். அவசரம் அவருக்குத்தான். இறங்குவார்.

விலை பேச வடிவேலு மாமா வருகிறார், அம்மாவின் தம்பி. "நீ வாயத் தொறக்காத கண்ணு. பொம்பள பேசுனா ஏத்தி வுட்ருவானுங்க" என்றார். கிண்டி எஸ்டேட் கம்பெனி ஒன்றில் முப்பது பேரை மேய்க்கிற எனக்கு இதைக் கேட்டால் எரிகிறது. இருந்தாலும் அப்பா போன பிறகு எனக்கு ஃபீஸ் கட்டிய மனுஷன். சரி என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஐம்பத்தாறில் ஆரம்பிக்கலாம். கடன், பி.எஃப்., அம்மாவின் வளையல், எல்லாம் சேர்த்து முட்டி மோதினால் அறுபத்து மூன்றரை. இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மாமாவிடம் மட்டும் சொன்னேன். எதுவரை போகலாம் என்று தெரிந்தால்தானே பேச முடியும் என்றார். நியாயம்தான்.

ஜூன் 12, வியாழன்

மாமா ஐம்பத்தாறு என்று ஆரம்பித்தார். மாசிலாமணி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அறுவத்து மூணரை. அதுக்குக் கீழ இல்லம்மா."

மூன்று இல்லை, நாலு இல்லை. மூன்றரை.

மாமா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டேன்.

ஜூன் 13

தற்செயலாக இருக்கலாம். இருக்கலாம்தானே?

ஜூன் 15, ஞாயிறு

கூட வேலை செய்கிற ஜாஸ்மினிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவள் அண்ணன் வீடு வாங்கியபோது நடந்ததைச் சொன்னாள். தனக்கு இவ்வளவு போதும் என்று வீட்டுக்காரர் புரோக்கரிடம் சொல்லிவிடுவாராம். அதற்கு மேல் வருவதில் புரோக்கருக்குப் பாதி. அந்தப் பாதியில், வாங்குகிறவரோடு வருகிற ஆளுக்கும் ஒரு பங்கு.

புரோக்கர் காதரை எங்களுக்குக் காட்டியதே மாமாதான்.

ஜூன் 16, திங்கள்

மாமாவுக்கு போன் செய்தேன். பேங்க்கில் கடனைக் குறைத்துவிட்டார்கள், ஐம்பத்தொன்பதே காலுக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்றேன். பச்சைப் பொய். அந்தக் கால் லட்சத்தை பஸ்ஸில் நின்றபடி நானாக யோசித்து ஒட்டினேன். வேறு யாருக்கும் சொல்லவில்லை. மாமாவையும் ஐம்பத்தேழு என்று மட்டும் கேட்கச் சொன்னேன்.

மாசிலாமணி முடியாது என்று சொல்லட்டும். இல்லை, வேறு ஏதாவது விலை சொல்லட்டும். வீடு போனால் போகட்டும். வேப்பமரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

காதர் போன் செய்தார். "வூட்டுக்காரரு எறங்கிட்டாரும்மா. அம்பத்தொம்பதே கால். ஞாயித்துக்கெழம டோக்கன் அட்வான்ஸ் குடுத்துருங்க."

நாலேகால் லட்சம் மிச்சம். பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டி என்னம்மா ஆச்சு என்று கேட்டாள். என்னன்னு சொல்றது? வீடு கிடைச்சிருச்சுன்னா?

சைக்கிள் பாரில் உட்காரவைத்து என்னை ஸ்கூலுக்குக் கூட்டிப்போன ஆள். ஏன் மாமா? கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. என்கிட்ட கேக்கறதுக்கு என்ன —

ஜூன் 20

அம்மாவிடம் சொல்லப்போவதில்லை. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

ஜூலை 11

பத்திரம் பதிவாயிற்று. சாட்சிக் கையெழுத்து மாமா.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பால் காய்ச்சினோம். தாய்மாமன் சீராக மாமா பட்டுப்புடவையும் வெள்ளிக் குத்துவிளக்கும் கொண்டுவந்தார். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா அதைத் தூக்கிக் காட்டினாள், என் தம்பியைப் போல யார் செய்வார்கள் என்று. எந்தப் பணத்தில் வாங்கியது என்று எனக்குத் தெரியும். அந்த விளக்கைத்தான் ஏற்றினேன்.

சாப்பிட்டுக் கை துடைத்தபடி மாமா சமையலறைக்கு வந்தார். "இந்த ஜன்னலுக்கு கிரில் போடணுமே கண்ணு. தெரிஞ்ச ஆளு கீறான். எவ்ளோ வரைக்கும் போவ?"

"இன்னும் யோசிக்கல மாமா" என்றேன்.

கை துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு செருப்பைத் தேடிப் போனார்.

கிரில்காரர் நேற்றே வந்து அளவெடுத்துவிட்டார். விலையை நானே பேசினேன்.