வெட்டாமல் பார்ப்பது

என் அன்புச் சண்டைக்காரிக்கு,

மசக்கை கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அத்தை சொன்னார்கள். ஸ்கேன் என்று பேச்செடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தெப்ராவ் ஆய்வகத்தில் பஞ்சு போன்ற ஒரு பொருளுக்குள் எலும்பு வளர்க்கிறோம், உனக்குத் தெரியும். முன்பெல்லாம் உள்ளே உயிர் பிடித்திருக்கிறதா என்று பார்க்க அதை வெட்டுவோம். பார்த்ததோடு அதன் கதை முடிந்துவிடும். இப்போது வெட்டுவதில்லை, அல்ட்ராசவுண்டில் பார்த்துவிட்டு, மறுபடி கதகதப்பான பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். அது பாட்டுக்கு வளர்கிறது. இன்று திரையைப் பார்த்த, என்னோடு வேலை செய்யும் ஷாமளா, "அலமாக், நல்லா புடிச்சிருச்சு லா!" என்று கத்தியதில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

"பார்த்ததாலதாங்க போச்சு, இந்தத் தடவை ஸ்கேனே வேணாம்" என்று அழுதாயே. பார்ப்பதால் எதுவும் போவதில்லை. தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன். போன தடவை குழந்தை தங்காமல் போனது யாருடைய குற்றமும் இல்லை.

செவ்வாய்க்கிழமைக்கு லீவு போட்டுவிட்டேன். காலையிலேயே செடெனாக்கில் உன் அம்மா வீட்டுக்கு வந்து உன்னை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிறேன்.

போன தடவை திரையைப் பார்த்தவள் நீ. இந்தத் தடவை நீ கண்ணை மூடிக்கொள். நான் பார்த்துச் சொல்கிறேன்.

உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறவன்