சாமியின் தகப்பன் பெயரைக் கேட்டவருக்கு

முந்தாநாள் ஒரு சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு நிரப்பிக்கொண்டே வந்தாள். அப்பா பெயர் கேட்டாள். எனக்கே எழுபத்தெட்டு வயதாகிறது, அவர் பெயர் இப்போது எதற்கம்மா என்றேன். "இத நிரப்பாம விட்டா அடுத்த பக்கம் போகாது சார்" என்றாள். சொன்னேன். திரையில் அடுத்த பக்கம் வந்தது. நான் மட்டும் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்டேன். அவள் அடுத்ததாகக் கேட்டது காதில் விழவில்லை. உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டதும் இப்படி ஒரு கட்டத்துக்கு முன்னால்தான். வயலில் வேலை செய்கிறவர் குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்த காலம். நன்னிலத்துக்குக் கிழக்கே உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை முகாம் போட்டிருந்தோம். நெற்றி நிறைய விபூதியோடு தாசில்தார் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் எழுத்தராக நான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரசு ஊழியன் மேடை ஏறக்கூடாது என்பதால், விடுமுறை நாளில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அடுத்த தாலுகாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவேன். "உலகத்தைப் படைத்தவர் கடவுள் என்றால், கடவுளைப் படைத்தவர் யார்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். கைதட்டல் வரும். அதற்கு மேல் ஒரு கேள்வி உலகத்தில் கிடையாது என்பது அப்போதைய என் எண்ணம்.

நீங்கள் நடவு வயலிலிருந்து நேரே வந்திருந்தீர்கள். முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்து வெளுத்திருந்தது. எனக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும். ஆனாலும் தலையைத் தூக்காமல் "உன் அப்பா பெயர் சொல்லு" என்றுதான் கேட்டேன். கீழத்தெரு ஆட்களை எல்லோரும் அப்படித்தான் கேட்போம். மேடையில் சமத்துவம் பேசுகிற நானும் மேசைக்குப் பின்னால் அப்படித்தான் இருந்தேன்.

தெரியாதுங்க என்றீர்கள். அம்மா பெயர் கேட்டேன். அதுவும் தெரியாது. நெல் அடிக்கும் களத்தில், வைக்கோல் போருக்கு அடியில் துணியில் சுற்றிக் கிடந்த குழந்தையைக் கீழத்தெரு எடுத்து வளர்த்ததாக உங்கள் பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள். கல்யாணம் ஆகவில்லை. அதனால் கணவர் பெயர் என்ற கட்டத்துக்கும் போக வழியில்லை.

மிராசுதாரின் காரியஸ்தர் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். முந்தின அறுவடையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுப் பெண்கள் அரிவாளைக் கீழே வைத்தபோது முன்னால் நின்றவர் நீங்கள். அந்த ஆத்திரம் அவருக்கு ஆறவில்லை. பூர்வீகம் இல்லாதவர்களுக்கு மனை எழுதினால் நாளைக்கு எவனும் வந்து குடிசை போடுவான் என்று தாசில்தாரிடம் சொன்னார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "அப்பன் பேரு தெரியாதவளுக்கு மனை கேக்குதா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றும் பெருமையில்லை.

கீழத்தெருப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, தன் பெயரைத் தகப்பன் பெயராக எழுதிக்கொள்ளச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பேனாவை எடுத்தேன். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். "பொய்யி எழுதிக் குடுத்தா நாளைக்கு இவங்களே பொய்யின்னு நிரூபிச்சுப் பட்டாவைப் புடுங்கிக்குவாங்க சார்." நான் யோசிக்காதது அது.

பிறகு தாசில்தாரைப் பார்த்து, உங்கள் குடிசைக்கு மேற்கே இருப்பது யார் நிலம் என்று கேட்டீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் புரட்டிப் படித்தேன். ஊர்ச் சிவன் கோயில் நிலம். பட்டாதாரர் என்ற இடத்தில் சுவாமியின் பெயர் இருந்தது.

"அவங்க அப்பா பேரு என்னன்னு எழுதியிருக்குங்க?"

மறுபடி பதிவேட்டைப் பார்த்தேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. காரியஸ்தர் கத்தினார்: சாமியும் நீயும் ஒன்றா, அவர் எல்லாவற்றையும் படைத்தவர், அநாதி, அவருக்கு முன்னால் யாரும் கிடையாது. நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"நான் சாமின்னு சொல்லலீங்க ஐயா. அவருக்கு முன்னால யாரும் இல்ல. எனக்கு முன்னால யாருன்னு தெரியல. ரெண்டும் வேற வேறன்னு எனக்குத் தெரியும். ஆனா முன்னால யாருன்னு கேக்காமலே ஒருத்தர் பேர்ல நிலம் எழுத முடிஞ்சிருக்கு. அதைத்தான் சொல்றேன்."

தாசில்தார் விபூதியைத் தடவிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து மறுவிசாரணை என்றார். அதற்குள் மனையை நேரில் பார்த்து அறிக்கை தரும்படி எனக்கு உத்தரவு. எனக்கு அன்று வந்தது வெட்கமா வியப்பா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேடையில் நான் ஒரு நம்பிக்கையை உடைக்கக் கேட்ட கேள்வியை, நீங்கள் ஒரு குடிசையைக் காப்பாற்றக் கேட்டுவிட்டீர்கள்.

மூன்றாம் நாள் சைக்கிளில் வந்தபோது குடிசைக்குக் கூரை இல்லை. காரியஸ்தரின் ஆட்கள் பட்டப்பகலில் பிரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் அறிக்கைக்கு வரும்போது அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று ஆகிவிட வேண்டும், அதுதான் கணக்கு. நீங்கள் நடவுக்குப் போகாமல் நாலு சுவருக்கு நடுவே உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்தீர்கள். முந்தின நாள் மழையில் நனைந்து அங்கேயே இருந்தீர்களாம். தெருப் பெண்கள் ஆளுக்கொரு வேளை சோறு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஆள் இல்லாத எடம்னு நீங்க எழுதிடக் கூடாதுல்ல சார்" என்றீர்கள். அன்றைக்குத்தான் உங்களை முதன்முதலாக "நீங்க" என்று கூப்பிட்டேன். நீங்கள் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தீர்கள்.

மனையை அளந்து முடித்துவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. என் மேடைக் கேள்வியை உங்களிடம் சொன்னேன். உங்களுக்குப் பிடிக்கும், நம் இரண்டு பேர் கட்சியும் ஒன்று என்று நினைத்திருந்தேன். கீற்றை மடித்துக்கொண்டே கேட்டீர்கள். கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்:

"ஒன்னப் பெத்தது யாருன்னு சின்ன வயசுலேருந்து என்னையும் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. பதில் தெரியலங்கிறதுக்காக நான் இல்லாமப் போயிட்டேனா சார்?"

நான் விடவில்லை. உங்களைப் பெற்றவர்கள் யாரோ இருந்தார்கள், அது உறுதி. அப்படிப் பார்த்தால் கடவுளுக்கும் ஒருவர் இருந்திருக்க வேண்டும், அவருக்கு ஒருவர், அவருக்கும் ஒருவர் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் தெருக் காவல் சாமி வீரனுக்கு அப்பன் பெயர், ஊர், ஏன், அவனைக் கொன்றவன் பெயர்கூடத் தெரியும் என்றீர்கள். அவன் மனுசனாக இருந்து சாமியானவன். ஆரம்பம் இல்லாதது சிவன் கோயில்காரருக்குத்தான். இரண்டு பேரையும் கும்பிடுவதில் உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

பிறகு, பக்கத்தில் ஓடிய வாய்க்காலைக் காட்டி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். ஆற்றிலிருந்து என்றேன். ஆறு கல்லணையிலிருந்து, கல்லணைக்கு மேட்டூரிலிருந்து, மேட்டூருக்குக் குடகு மலையிலிருந்து, மலைக்கு மழையிலிருந்து, மழை கடலிலிருந்து. கடலுக்கு? இதே ஆற்றிலிருந்து. சொல்லிவிட்டு, பார்த்தீர்களா, இது சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆரம்பித்து வைக்க ஒருவர் தேவையில்லை என்று வெற்றியோடு முடித்தேன்.

"அப்ப ஆரம்பமே இல்லாம ஒண்ணு இருக்கலாம்னு நீங்களும் ஒத்துக்கிறீங்க. நீங்க அத உலகம்ங்கிறீங்க, நான் சாமிங்கிறேன்."

 நீங்கள் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் நிச்சயமாத் தெரியல சார் என்று சொல்லிவிட்டு அடுத்த கீற்றை எடுத்தீர்கள். பிற்பாடு தடிதடியாக எத்தனையோ நூல்கள் படித்தேன். ஒன்றுக்கு ஆரம்பம் தேவையில்லை என்றால் எதற்குத் தேவையில்லை, ஏன் அதற்கு மட்டும் என்று அவற்றை எழுதியவர்கள் திணறுவதைப் பார்க்கும்போதெல்லாம், கூரையில்லாத அந்தக் குடிசைக்குள் வெயில் விழுந்தது ஞாபகம் வரும்.

மறுவிசாரணைக்கு முந்தின நாள் எங்கள் கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் என்னைப் படிப்பகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். என்னோடு ஒரே மேடையில் பேசியவர். மிராசுதாருக்கு அக்காள் மகன் முறை. "பூர்வீகம் நிரூபிக்கப்படலன்னு ஒரே ஒரு வரி எழுதிடுப்பா. நம்ம ஆட்சி நடக்குது. உனக்கு ஒண்ணும் வராது." கடவுளைப் படைத்தது யார் என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிய அதே வாயால் அவர் உங்கள் தகப்பனைக் கேட்டார். பார்க்கலாம் அண்ணே என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பயமாக இருந்தது. என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வேலை போனால் வீடு என்ன ஆகும் என்று நினைத்தபடியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். நீங்கள் மழையில் உட்கார்ந்திருந்தது மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை என் அறிக்கையில் இரண்டே விஷயம் எழுதினேன். இவர் விவசாயத் தொழிலாளியா, இந்த மனையில் குடியிருக்கிறாரா என்று மட்டுமே சட்டம் கேட்கிறது. தகப்பன் யார் என்று கேட்கவில்லை. கூரை பிரிக்கப்பட்டிருந்ததையும், அதற்குள் நீங்கள் இருந்ததையும் நான் நேரில் பார்த்தேன். தாசில்தார் இரண்டு முறை படித்தார். பிறகு கீழத்தெருப் பெண்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நாலு பேர் வரிசையாக வந்து, இந்தப் பிள்ளைக்கு நான் பால் கொடுத்தேன் என்று சொன்னார்கள். காரியஸ்தர் ஏதோ சொல்ல எழுந்தார். தாசில்தார் அவரை உட்காரச் சொன்னார். அந்த மனிதரையும் நான் தப்பாகத்தான் எடை போட்டிருந்தேன். விபூதியைப் பார்த்துவிட்டு இவர் நமக்கு எதிரி என்று நினைத்தவன் நான்.

உத்தரவு ஆனது. பதிவேட்டில் எழுதும்போது தகப்பன் பெயர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன எழுதினேன் என்று கேட்டீர்கள். சொன்னேன்.

"அதை அடிச்சிடுங்க சார். இல்லன்னு எழுதுனா அது சாமிக்கு. எனக்குத் தெரியலன்னு எழுதுங்க."

அடித்து, 'தெரியவில்லை' என்று எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பம் போட்டேன். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் அவ்வளவு சரியான திருத்தம் நான் வேறு செய்ததில்லை. அந்த மனை கிடைக்க வேண்டும் என்பது உங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. கிடைத்த பிறகும் ஒரு சொல் பிசகாக இருக்கக் கூடாது என்று நினைத்தீர்களே, அதைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதமே என்னைப் பட்டுக்கோட்டைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஒரு வரியை நான் எழுதாததற்கு விலை அது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே அறை எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டேன். பெரிய கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். தங்கை கல்யாணத்துக்கு நீங்கள் கீழத்தெருப் பெண்கள் எட்டுப் பேரோடு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். என் சொந்தக்காரர்கள் சிலர் எழுந்து போனார்கள். போகட்டும் என்று அம்மாவே சொன்னாள்.

அதற்குப் பிறகும் கூட்டங்களில் அந்தக் கேள்வியை நான் விடவில்லை. ஆனால் கேட்டுவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்துவதை விட்டேன். தொடர்ந்து, எனக்கும் இதற்கு விடை தெரியாது என்று சொல்வேன். கூட்டம் கொஞ்சம் குறைந்தது. நீங்கள் பஞ்சாயத்து உறுப்பினரான பிறகு, மனுவை எடுத்துக்கொண்டு வருகிற பெண்களை உட்காரவைத்து, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குவீர்களாம். கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

போன புரட்டாசியில் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். மதிய வெயில். கட்டில் ஓரமாக உங்கள் தெருப் பெண்கள் முறைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் மிகவும் மெலிந்திருந்தீர்கள். பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. என் மனைவியின் முழங்கால் வலியை விசாரித்தீர்கள். கிளம்புகிற நேரத்தில், சாமியைப் பற்றிய நம் பழைய வழக்கு இன்னும் தீரவில்லையே என்றேன்.

"நான்தான் முன்னால போறேன் சார். போயி, ஒங்கப்பா யாருன்னு சாமியையே கேட்டுடுறேன். கேட்டு ஒங்களுக்குச் சொல்றேன்."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

நீங்கள் போன இடத்தில் யாரும் இல்லை என்பது என் கொள்கை. கேட்கவும் ஆள் இல்லை, சொல்லவும் வழியில்லை. ஐம்பது வருடமாக இதைத்தான் பேசியிருக்கிறேன், இன்றைக்கும் இதைத்தான் பேசுவேன். ஆனால் செய்கிறேன் என்று நீங்கள் சொல்லி, செய்யாமல் விட்டது ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, விடை தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.