முயல்களின் பின்னங்கால்கள்

கொட்டாஞ்சேனை,
14-4-1946

என் ஆசைத் தம்பி கிளெமென்றுக்கு,

மெற்றில்டா அக்கா எழுதுவது. நீ சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். இரண்டு மாதமாய் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டொக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு அக்காவை மறந்துபோகுமாக்கும்!

முதுகு நோகிறது என்று எழுதினேனல்லவா? முள்ளந்தண்டோரம் கட்டியாம். எக்ஸ்ரே கதிர் பிடித்தால் கரையுமாம். பெரிய டொக்டர் மே ஆறாந் திகதி தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை ஆறு கிழமை வரச் சொல்கிறார். ஜூன் பதின்மூன்று கொச்சிக்கடைக் கோயில் திருநாளில் அந்தோனியார் சுருவத்தின் பின்னால் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்திருக்கிறேனே! ஆனபடியால், “எல்லாத்தையும் ரெண்டு நாளிலை தந்து முடியுங்கோ, நான் தாங்குவன்” என்று அவரை விடாமல் கேட்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை. நீயும் டொக்டராகப் போகிறவன். இங்கிலீசில் அவருக்கு இரண்டு வரி எழுதி அனுப்படா.

அன்பு அக்கா,
மெற்றில்டா


மான்செஸ்ரர்,
23-4-1946

அன்புள்ள அக்கா,

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

நான் டொக்டருக்குப் படிக்கவில்லை. முதல் வருஷச் சோதனையிலேயே கோட்டை விட்டேன். நாலு வருஷமாக ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முயற்கூடு கழுவித் தீன் போடுகிறேன். வெட்கத்தில் மறைத்தேன். இனியும் மறைத்தால் உன் கால் போய்விடும், அக்கா.

இங்கே முயல்களின் முதுகில் இதே கதிரைப் பிடித்துப் பார்க்கிறார்கள். முழு அளவையும் ஒரேயடியாக வாங்கியவை நாலைந்து மாதம் துள்ளித்தான் திரிந்தன. ஒரு குறையுமில்லை என்று நானும் நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் பின்னங்காலை இழுக்கத் தொடங்கின. முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடம் கெட்டுப்போயிருந்தது. அதே அளவைக் கிழமைக்கணக்கில் கொஞ்சங் கொஞ்சமாக வாங்கியவை இன்றைக்கும் என் கையைத் தட்டிவிட்டு ஓடுகின்றன. இடைவெளி விட்டால் வடம் தன்னைத் தேற்றிக்கொள்கிறதாம். முயல் வேறு, மனிதர் வேறு என்று எங்கள் பெரியவர் சொல்வார். ஆனாலும் கால் இழுபட்டதைத் தினமும் பார்த்தவன் நான்.

டொக்டர் சொன்ன ஆறு கிழமையும் போ. அந்தோனியார் கோவிக்க மாட்டார். ஏசுவதென்றால் ஏசி எழுது, எழுதாமல் மட்டும் இராதே.

தம்பி,
கிளெமென்ற்


கொட்டாஞ்சேனை,
8-5-1946

அடேய் பொய்யா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படியில் இருந்து அழுதேன். நாலு வருஷத்துக்கு மேலாய் என்னைப் பேய்க்காட்டியிருக்கிறாய். “என்ரை தம்பி டொக்டராகிறான்” என்று தெருத்தெருவாய்ச் சொல்லித் திரிந்தவளடா நான்!

முந்தாநாள் ஆஸ்பத்திரியில், “கொஞ்சங் கொஞ்சமாவே தாங்கோ” என்றேன். பெரிய டொக்டருக்கு ஆச்சரியம்.

“இப்ப ஆர் உங்களுக்குப் புத்தி சொன்னது?”

“என்ரை தம்பி.”

“அவர் டொக்டரோ?”

ஓம் என்று வாய் வரை வந்துவிட்டது. “இல்லை, சேர். முயலுக்குத் தீன் போடுறவன்” என்று சொல்லி, முயல்கள் கால் இழுத்த கதையையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. “கால் இழுக்கிறது அவருக்குத்தான் முதலிலை தெரிஞ்சிருக்கும்” என்றார்.

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

அக்கா


மான்செஸ்ரர்,
19-1-1947

அன்புள்ள அக்கா,

எட்டு மாதம் கழிந்துவிட்டது. “கால் சுகம்” என்று ஒரு வரியில் முடிக்கிறாயே, எனக்கு நித்திரை வருமா? விறைக்கிறதா? சூடு, குளிர் தெரிகிறதா? சரியாக எழுது.

கப்பலில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் வந்து எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பேன்?

கிளெமென்ற்


கொட்டாஞ்சேனை,
2-2-1947

என் தம்பிக்கு,

நேற்று அடுப்பு நெருப்புத் தணல் ஒன்று காலில் விழுந்தது. “சுடுது, சுடுது!” என்று சந்தோஷத்தில் கத்தினேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று உன் அத்தான் ஓடிவந்தார். விறைப்பு ஒன்றுமில்லை. கட்டியும் சுருங்கிவிட்டதாம். இன்னும் ஒரு வருஷம் பார்க்க வேண்டும் என்கிறார் டொக்டர். பார்ப்போம், எனக்குப் பயமில்லை.

தெருவுக்கு என்ன சொல்வதென்று நீ கவலைப்படாதே. வீடு வீடாகப் போய் நானே உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்தவர்களும் உண்டு, சிரிக்கட்டும்.

எந்தக் கப்பல், எத்தனையாந் திகதி என்று மட்டும் எழுது. காரும் வேண்டாம், ரிக்‌ஷாவும் வேண்டாம். துறைமுகத்துக்கு உன் அக்கா நடந்து வருவாள்.

மெற்றில்டா