டீசல் சம்மந்தி, பெட்ரோல் சம்மந்தி

திருவண்ணாமலை
14-9-85

அன்பு மகன் அருணகிரிக்கு அம்மா தங்கம்மாள் எழுதுறது. அண்ணாமலையார் புண்ணியத்துல நானும் உன் தங்கச்சி சரசுவும் நல்லா இருக்கோம். நீயும் அந்த மஸ்கட் வெயில்ல உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும்னு தினம் வெளக்கு ஏத்தும்போது கேட்டுக்கிறேன். உங்க நைனாவும் சௌக்கியந்தான், அவரோட காருதான் அடிக்கடி சுகமில்லாம படுத்துக்குது, அதனால வீட்ல துக்கம் மாதிரி ஒரு மூஞ்சி திரியுது, அதை நீ பெருசா எடுத்துக்காத.

உன் லெட்டர் வந்துச்சு. பிரிச்சா முதல் பக்கம் பூரா நீ ஓட்டுற ஜப்பான் வண்டியோட ஏசி, பவர் ஸ்டீரிங், எஞ்சின் ஓடுற சத்தமே கேக்காதுங்கிற பெருமை. சாப்பிட்டேன் தூங்கினேன்னு ஒரு வரி இல்ல. அதை உங்க நைனா நம்ம கடலை மண்டிக்கு எடுத்துட்டுப் போயி, மல்லாட்டை மூட்டை மேல ஒக்காந்து வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டினாரு. நீ போகும்போது நம்ம அம்பாசிடர் நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு இல்ல, பெட்ரோல் எஞ்சின், ஒரு குறை சொல்ல முடியாது. நல்லா ஓடுறதை சும்மா விட்டா அவருக்குத் தூக்கம் வருமா. செங்கம் ரோட்டுல பட்டறை வச்சிருக்காரே ஜானி பாஷா, அவரைச் சேத்துக்கிட்டு அந்த எஞ்சினைக் கழட்டிப் போட்டுட்டு, ஏலத்துல எடுத்த பழைய வேனோட டீசல் எஞ்சினைத் தூக்கி மாட்டிட்டாரு. மைலேஜ் ஜாஸ்தி, செலவு கம்மியாம். இப்ப அந்தக் காரு நின்ன எடத்துலயே ஜன்னி வந்தவன் மாதிரி நடுங்குது. அதுல ஏறி கோயிலுக்குப் போயிட்டு வந்தா பொழுது சாயற வரைக்கும் எனக்குப் பல்லு ஆடுது. சத்தம் தெருமுனையில கேக்கும்போதே சரசு சோத்துக்கு ஒலை வச்சிடுவா, அது ஒண்ணுதான் நாங்க கண்ட லாபம்.

ஞாயித்துக்கிழமையானா ஜானி பாஷாவும் இன்னும் நாலு வேலையத்தவங்களும் வாசல்ல கூடிடுவாங்க. பானட்டைத் தூக்கி வச்சிக்கிட்டு, குடல் சரிஞ்சவனை டாக்டருங்க பாக்குற மாதிரி உள்ளே எட்டி எட்டிப் பாப்பாங்க. ஆயிலைத் தொட்டு மூக்குல வச்சு மோந்து பாக்குறது, வெரல்ல தேய்ச்சுப் பாக்குறது, என் சாம்பாரை ஒரு நாளாவது இவ்வளவு ருசியா பாத்திருப்பாரா. இப்ப புதுசா மாருதின்னு ஒண்ணு வந்திருக்காம். பேப்பர்ல படம் பாத்துட்டு, முன் சக்கரம் இழுக்குற வண்டி ஒசத்தியா பின் சக்கரம் தள்ளுற வண்டி ஒசத்தியான்னு இருட்டுற வரைக்கும் சண்டை. இழுத்தா என்ன தள்ளினா என்ன, வீடு வந்து சேரணும், அது ஒருத்தருக்கும் தோணல. காருக்கு எப்போ ஆயில் மாத்தினதுன்னு கேட்டா தேதியோட சொல்லுவாரு, சரசுக்கு என்ன வயசாவுதுன்னு கேட்டா என் மூஞ்சியைப் பாக்குறாரு.

ஆனி மாசக் கடைசியில சரசுவைப் பொண்ணு பாக்க வந்தாங்க. போளூர்ல ரைஸ் மில் வச்சிருக்கிற சகாதேவன்னு ஒருத்தரு, அவரு சம்சாரம் திரௌபதி, அவங்க பையன் பலராமன். பையனுக்கு வேலூர்ல கரன்ட் ஆபீஸ்ல வேலை, நம்ம சரசு டெலிபோன் ஆபீஸ்ல, பொருத்தம் நல்லா வந்துச்சுன்னு நான் சந்தோஷமா பஜ்ஜி போட்டுக்கிட்டிருந்தேன். அவங்க வந்தது ஃபியட்ல. சகாதேவன் பெட்ரோல் எஞ்சினைத் தவிர எதையும் எஞ்சின்னே ஒத்துக்க மாட்டாராம். நம்ம தலையெழுத்து, ஜானி பாஷா அப்பத்தான் வாசல்ல நம்ம காரை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கிட்டிருந்தாரு. சத்தத்தைக் கேட்டுட்டு சகாதேவன், என்னங்க இது, காருக்குள்ள பம்ப்செட்டை வச்சிருக்கீங்களான்னாரு. உங்க நைனாவுக்குப் பொறுக்குமா, உங்க வண்டி பெட்ரோலைக் குடிக்குதா கொப்புளிக்குதான்னு திருப்பிக் கேட்டாரு. பொண்ணு அலங்காரம் பண்ணிக்கிட்டு காப்பித் தட்டோட நிக்குது, ரெண்டு பேரும் எழுந்து வாசலுக்குப் போயிட்டாங்க. டீசலோட இழுவையை இப்பவே காட்டுறேன் வாங்கன்னு இவரு அவரை ஏத்திக்கிட்டு, பின்னாடி ஜானி பாஷாவையும் போட்டுக்கிட்டு, மலை சுத்துற ரோட்டுல கெளம்பிட்டாரு.

பையன் மட்டும் போகல. நீங்க போகலியான்னு சரசுதான் கேட்டா. பெட்ரோல் வாசனை வந்தாலே எனக்குக் கொமட்டுங்க, வரும்போதே கலசபாக்கத்துல நிறுத்தி வாந்தி எடுத்தேன், சீட்டு பாழாப்போயிருக்குமேன்னு அப்பா திட்டினாருன்னு தலையைக் குனிஞ்சிக்கிட்டு சொன்னாரு. சரசு சிரிச்சிட்டு உள்ளே போயி ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வந்து, போகும்போது மோந்துக்கிட்டே போங்கன்னு குடுத்தா. அதை வாங்கி அவரு சட்டைப் பையில வச்சிக்கிட்ட பக்குவத்தைப் பாத்தப்பவே எனக்கு மனசு நெறஞ்சிடுச்சு.

போனவங்க திரும்பி வந்தது மாட்டு வண்டியில. அடி அண்ணாமலை தாண்டறதுக்குள்ள, எஞ்சினைத் தாங்குற ரப்பரு அறுந்து, எஞ்சின் முன்னாடி சாஞ்சு, ஃபேன் இறக்கை ரேடியேட்டரைக் கிழிச்சிடுச்சாம். என்னன்னு கிட்டப் போயிப் பாத்த சகாதேவன் வேட்டி பூரா துருத்தண்ணி. அவரு தெருவுல நின்னு சிரிச்ச சிரிப்புக்கு எதிர் வீட்டு ஜனமெல்லாம் வெளியே வந்துடுச்சு. உங்க நைனா சும்மா இருந்திருக்கலாம். ஃபியட்ல நாலு பேரு ஏறினா அஞ்சாவது ஆளு பின்னாடி நின்னு தள்ளணும், அதுக்குத்தான் சம்மந்தம் தேடி வந்தீங்களான்னு கேட்டுட்டாரு. அவரு சிரிப்பை நிறுத்திட்டு, எஞ்சினையே மாத்தினவரு நாளைக்குப் பேச்சையும் மாத்துவாரு, இந்த வீட்ல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு சம்சாரத்தையும் புள்ளையையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. பஜ்ஜி ஆறிப்போயி கெடந்துச்சு.

உங்க நைனாவுக்கு ஒரு வருத்தமும் இல்ல. டீசலைப் பத்தித் தெரியாதவன் வீட்டுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்னு ஜெயிச்ச மாதிரி பேசினாரு. சரசு அழல. பூவை எடுத்து வச்சிட்டு வந்து, ஏம்மா, இவ்வளவு நேரம் ரெண்டு பேரும் சண்டை போட்டாங்களே, என்னைப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சான்னு கேட்டா. அந்தப் புள்ளை மூஞ்சியை என்னால நிமிந்து பாக்க முடியல.

ஆடி முடியட்டும்னு பொறுத்திருந்துட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில பூவும் பழமும் வாங்கிக்கிட்டு நானே பஸ் ஏறி போளூருக்குப் போயிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. திரௌபதி அக்கா என்னைப் பாத்ததும், வா தங்கச்சி, நானே வரணும்னு இருந்தேன்னு கையைப் புடிச்சிக்கிட்டாங்க. அவங்க கதை நம்ம கதையைவிட மோசம். மழை பெஞ்சா சமையல்கட்டு ஒழுகுதாம், ஃபியட்டுக்கு மட்டும் புது ஷீட்டு போட்டு கொட்டகையாம். கண்ணாடியில கீறல் விழக் கூடாதுன்னு, அவங்க கூறைப்புடவையைக் கிழிச்சு அதாலதான் தொடைக்கிறாராம் அந்த மனுஷன். சொல்லும்போது அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம், பையன் வேலூர்லேருந்து பஸ்ல வந்து, கட்டினா அந்தப் பொண்ணைத்தான் கட்டுவேன்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டுப் போயிட்டான்னாங்க. அங்கேயே பஞ்சாங்கத்தைப் பாத்தோம், நாள் குறிச்சோம். ஆம்பளைங்களுக்கு என்ன சொல்றதுன்னு நான் யோசிச்சேன். அக்காதான் வழி சொன்னாங்க. வீட்டுக்கு வந்து உங்க நைனாகிட்ட, அந்த சகாதேவன் செஞ்சது தப்புன்னு மன்னிப்பு கேட்டாருங்கன்னு சொன்னேன். அக்கா அவங்க வீட்ல, உங்க நைனா கேட்டதா அதையே சொன்னாங்க. ரெண்டு பேரும் மீசையைத் தடவிக்கிட்டு சம்மதிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது, நீயும் எழுதித் தொலைச்சிடாத.

போன ஞாயித்துக்கிழமை நம்ம வீட்லயே நிச்சயதார்த்தம். அவங்க ஃபியட் வந்து நின்னப்ப உள்ளேருந்து என்னமோ கடகடன்னு சத்தம் கேட்டுச்சாம், எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்க நைனா பட்டு வேட்டியோட எழுந்து போயி, வால்வு அடிக்குதே சம்மந்தின்னாரு. அவரு, அப்படியா நெனைக்கிறீங்கன்னாரு. அவ்வளவுதான், ஜானி பாஷாவும் சேந்துக்கிட்டாரு, மூணு தலையும் பானட்டுக்குள்ள போயிடுச்சு. ஐயரு தட்டு மாத்தக் கூப்பிடுறாரு, ஆள் அனுப்பினா இதோ வந்துட்டோம்னு பதில் வருது, ராகு காலம் நெருங்குது. சரசு மணையில ஒக்காந்துக்கிட்டு என்னையே பாக்குறா. நான் தட்டைத் தூக்கிட்டேன். உங்க பெரிய நைனா, ஆம்பளைங்க இல்லாம பொம்பளைங்க தட்டு மாத்துறதான்னு குதிச்சாரு. பொண்ணு பாத்த அன்னைக்கு ஆம்பளைங்க இருந்தாங்களா அண்ணேன்னு கேட்டுக்கிட்டே திரௌபதி அக்கா அவங்க தட்டைத் தூக்கிட்டாங்க. ரெண்டு பேரும் மாத்திட்டோம். எல்லாம் ஆனப்புறம் மூணு பேரும் கரி அப்பின கையோட வந்து நின்னு, ஆரம்பிக்கலாமான்னு கேட்டாங்க. முடிஞ்சிடுச்சுங்கன்னு ஐயரு சொன்னாரு.

சரசு எழுந்து வந்து உங்க நைனா கால்ல விழுந்தா. அவரு தலையில கை வைக்கப் போனாரு, கையைப் பாத்தாரு, புதுப் புடவையைப் பாத்தாரு, கையைப் பின்னாடி இழுத்துக்கிட்டாரு. வாய் மட்டும் என்னமோ முணுமுணுத்துச்சு, கண்ணுல தண்ணி. அந்த ஒரு நிமிஷம் எனக்கே பாவமா போயிடுச்சு. அப்புறம் பட்டு வேட்டியில அந்தக் கையைத் தொடைச்சிட்டாரு, என் பாவமும் அத்தோட போயிடுச்சு.

தை மாசம் கல்யாணம். இப்பவே லீவு சொல்லி வச்சிடு. உன் தங்கச்சி கையில பொரி போட அண்ணன்காரன் கைதான் வேணும், வேற யாரையும் அந்த எடத்துல நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். வேளைக்கு சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, நீ நல்லா இருக்கணும், நூறு வயசு இருக்கணும், அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் உனக்குத் துணை. அடியில ரெண்டு வரி எழுதணும், கொஞ்சம் எடம் விடுன்னு உங்க நைனா சொன்னாரு. என்ன எழுதுவாருன்னு எனக்குத் தெரியாதா, அதான் ஓரம் வரைக்கும் நானே எழுதி நெரப்பிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பாக்கக் காத்துக்கிட்டிருக்கிற அம்மா
மு. தங்கம்மாள்