நான்காம் பாத்தியை நாளையே அறுக்க அனுமதி கேட்டு

அனுப்புநர்:
சோயா ரகச் சோதனைக்கு நிலம் கொடுத்த பெண் விவசாயி.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
வேளாண்மை அலுவலகம்.

பொருள்: முற்றி வெடிக்கும் நான்காம் பாத்தியை நாளை விடியலில் அறுவடை செய்ய உத்தரவிடக் கோருதல் – சார்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மண்ணுக்கும் மழைக்கும் எந்தச் சோயா ரகம் ஒத்துவரும் என்று பார்க்க, தங்கள் அலுவலகம் என் நிலத்தில் ஆறு ரகங்களைப் பாத்தி பிரித்து விதைத்திருப்பது தாங்கள் அறிந்ததே. அதிக மகசூல் தரும் ரகத்தின் விதைதான் அடுத்த பருவத்தில் எங்கள் எல்லோருக்கும் வரும் என்றார்கள். அதனால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

1. நான்காம் பாத்தி ரகம் மற்றவற்றுக்கு முன்பே பூத்து, முன்பே காய்த்தது. ‘அவசரக்காரி’ என்று பெயர் வைத்துக் கேலி செய்தோம். மழை பாதியில் கைவிட்டபோது மற்ற பாத்திகளில் காய் பிடித்தும் மணி சரியாகத் திரளவில்லை. அவசரக்காரி அதற்குள் காய் நிறைந்து நின்றாள். போன பருவத்தில் தாங்கள் கொடுத்த நீண்ட நாள் ரகத்தை விதைத்து, மணியில்லாத பொக்குக் காயை அள்ளியவர்கள் நாங்கள். இதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

2. இப்போது வெயில் ஏறினால் அந்தக் காய்கள் சடசடவென வெடிக்கின்றன. விதை தரையில் கொட்டுகிறது. புறாக்கள் கூட்டமாக வந்து பொறுக்குகின்றன. கடைசி ரகமும் முற்றிய பிறகே ஆறையும் ஒரே நாளில் அறுப்போம் என்கிறார் சோதனைப் பொறுப்பு அலுவலர். அவர் இருமுறை அலைய வேண்டாமல்லவா! நான் முறையிட்டதற்கு, “கீழ விழுந்ததுக்கெல்லாம் நாங்க என்னம்மா பண்றது? தராசுல ஏறுறதுதான் மகசூல்” என்றார். முதலில் எழுதி முடித்த பிள்ளையின் விடைத்தாளை மழையில் நனையவிட்டுப் பிறகு மதிப்பெண் போட்டால், அதற்குப் பெயர் தேர்வா ஐயா?

3. சோதனைப் பாத்திகளைச் சுற்றித் தங்கள் அலுவலகம் போட்ட வேலியின் கதவுச் சாவி களப்பணியாளரிடம் இருக்கிறது. அவன் என் உடன்பிறந்த தம்பி, வேலையோ தற்காலிகம். “அக்கா, உன் பாத்திக்காக என் பொழப்புல மண்ணைப் போட்டுடாத” என்று கையெடுத்துக் கும்பிட்டான். நேற்றிலிருந்து அவன் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

பனி ஈரம் இருக்கும்போது அறுத்தால் காய் வெடிக்காது. ஆகவே நாளை விடியலில் ஒருவரை அனுப்பி, அவர் கண் முன்னே அறுத்து எடை போட உத்தரவிடும்படி வேண்டுகிறேன். யாரும் வராவிட்டால், வெயில் ஏறுமுன் வேலியைத் தாண்டி நானே அறுப்பேன். சாவியைத் தம்பியிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். எந்த நடவடிக்கையானாலும் என் மேல் மட்டும் எடுங்கள்.

நான் அறுத்தது விதிப்படி செல்லாது என்றால், மகசூல் பதிவேட்டில் நான்காம் பாத்திக்கு நேரே எதையும் எழுதாமல் விட்டுவிடுங்கள். விளையவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: வியாழக்கிழமை, மதியம்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நிலத்துக்காரி