பின்னிருக்கை

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று விழாவில் என் படத்தைத் திரையிட்டார்கள். ஒன்பது வருடமாக நீங்கள் வீட்டிலேயே விமானம் கட்டுவதை நான் சிரிப்புக்காக எடுக்கவில்லை. ஆனால் அரங்கமே சிரித்தது. இறக்கை காற்றில் எப்படி எழும்பும் என்று நீங்கள் விளக்குகிறீர்கள். பின்னால் அம்மா அதே இறக்கையில் போர்வை காயப்போடுகிறாள். "முதல்ல யாரை ஏத்துவீங்க?" என்று கேட்கிறேன். "உன்னைத்தான்" என்கிறீர்கள். "ஐயோ, நான் மாட்டேம்பா" என்று என் குரல். அதற்குமேல் சிரிப்பு அடங்கவே இல்லை. படத்தைத் திரும்பப் பெறப்போகிறேன். பிரதி ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 11, புதன்

அன்பு மகளுக்கு,

நான்காம் தேதியிட்ட உன் கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. அன்று மாலையே படத்தைப் பார்த்தோம். பிழை ஒன்றே ஒன்று: இயந்திரம் முதலில் உறுமியது ஆகஸ்ட் பதினேழு; பதினெட்டு அல்ல. திருத்திவிடு. ஈரப் போர்வைகளின் பாரத்தை இறக்கை தாங்கியதை நான் சோதனையாகவே கருதுகிறேன். "சிரிச்சவங்க யாராவது பாதியில எழுந்து போனாங்களான்னு கேளுங்க அவளை" என்கிறாள் உன் அம்மா.

நீ மாட்டேன் என்றதை வெட்டாதே. படத்தில் மற்றவர்கள் எல்லாரும் மரியாதைக்குப் பேசினார்கள். மனத்தில் பட்டதைச் சொன்னவள் நீ ஒருத்திதான்.

ஏப்ரல் 19, ஞாயிறு காலை பறக்கிறேன். பின்னிருக்கை உனக்காகக் காலியாக இருக்கும்.

உன் அப்பா

ஏப்ரல் 20, திங்கள்

அன்பு மகளுக்கு,

நீ வரவில்லை; பதிலும் இல்லை. ஆயினும் நேற்று விமானம் எழும்பியது. மைதானத்து வேலியைத் தாண்டி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கவேண்டிய இடத்திலேயே இறங்கியது. "போதும், எறங்குங்க" என்று உன் அம்மா போட்ட சத்தம் இயந்திரத்தை மீறிக் கேட்டது. கூடியிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குச் சற்றுக் குறை.

பின்னிருக்கையில் உன் எடைக்கு ஈடாக ஐம்பத்திரண்டு கிலோ மணல் மூட்டை வைத்தேன். அது நீ கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் உன் எடை. மாறியிருந்தால் எழுதவும்.

உன் அப்பா

ஏப்ரல் 27, திங்கள்

அப்பா,

உங்களைப்போலவே தேதியுடன் கிழமையும் போட்டிருக்கிறேன், பாருங்கள். படத்தைத் திரும்பப் பெறவில்லை. ஆகஸ்ட் பதினேழு என்று திருத்தியாயிற்று. மாட்டேன் என்றதை வெட்டவில்லை. பத்தொன்பதாம் தேதி பேருந்து நிலையம்வரை வந்து திரும்பிவிட்டேன். நீங்கள் விழுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, கேமரா வழியாகக்கூட.

மே 3, ஞாயிறு வருகிறேன். கேமரா கொண்டுவர மாட்டேன். மூட்டையை இறக்கி வையுங்கள். அதைவிட நான் ஆறு கிலோ அதிகம்.

உங்கள் மகள்