பத்து நாள் தாரும்

அன்புள்ள நண்பா,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் மாத்திரைப் புட்டி ஒன்றைத் திறந்தேன். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய், வீங்கிய கன்னத்தோடு, சைக்கிளை உருட்டிக்கொண்டு. உனக்கு எழுதாமல் எத்தனையோ வருடங்களைக் கடத்திவிட்டேன்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் அரிசி அருகிப்போய், ஊரே மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைத்தது. நம் ஆஸ்பத்திரியில் நான் இளம் டாக்டர், நீ மருந்து கட்டும் டிரஸ்ஸர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், என் வயதுக்காரன். என்னை 'நீர்' என்றுதான் அழைப்பாய். நாள், கிழமை, சொந்தக்காரர் முகம் எல்லாம் மறந்துபோனவர்கள் அந்த மாதங்களில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் இருந்தாரே, ஐம்பதைத் தாண்டியவர். அவர் மனைவி தினமும் வந்து அழுவார்.

"என்னைப் பார்த்து, 'நீங்க யாரைப் பார்க்க வந்தீங்க'ன்னு கேக்குறாரு டாக்டர்."

பிறகு ஜப்பானிய மேலிடத்து உத்தரவு வந்தது. கட்டில்கள் வேண்டுமாம், தேறாதவர்களின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அப்படிக் கடலுக்கு அக்கரைக்கு அனுப்பப்பட்டவர்கள் யாரும் திரும்பியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. தெரிந்தும் எழுதினேன். கிராணியின் பெயருக்கு நேரே 'முதுமை மறதி, பலனில்லை' என்று என் கையாலேயே எழுதினேன்.

நீ காகிதத்தைப் பறித்துக்கொண்டாய். "இது வயசில்லை, பசி. இந்த மனுசன்ர கண்ணைப் பாத்தனீரோ?"

நான் பார்த்திருக்கவில்லை. அவர் முகத்துக்கு முன்னால் விரலை நகர்த்திக் காட்டினாய். கருவிழிகள் நிலைகொள்ளாமல் துடித்தன. எழுந்து நிற்கச் சொன்னாய், கால்கள் பின்னின. அரிசித் தவிட்டிலுள்ள சத்து குறைந்தால் பெரிபெரி வந்து கால் வீங்கும் என்பது நாமிருவரும் அறிந்ததுதான். அதே குறை மூளையையும் தாக்கலாம் என்று யோசித்தவன் நீதான்.

"பத்து நாள் தாரும். பிறகு விரும்பினதை எழுதும்."

தவிடு கிடைக்கவில்லை. கள்ளின் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியிலும் அந்தச் சத்து உண்டு என்று, தோட்டத்துக் கள்ளுக்கடைக்குச் சைக்கிள் மிதித்தாய். திரும்பும் வழியில் காவல் நின்ற சிப்பாய் புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, கள் கடத்துவதாக எண்ணி உன்னை அறைந்தான். வெயிலில் நிற்க வைத்தான். அந்தி சாயும்போதுதான் வந்து சேர்ந்தாய். "போத்தல் உடையேல்லை" என்றாய், அவ்வளவுதான்.

மண்டியைக் கொதிக்கவைத்து வேளைக்கு ஒரு கரண்டி கொடுத்தோம். பட்டியல் எங்கே என்று கேட்டவர்களிடம், இன்னும் பரிசோதித்து முடியவில்லை என்றேன். மூன்றாம் நாள் கிராணியின் பார்வை நிலைத்தது. ஒன்பதாம் நாள் அவர் மனைவி வராந்தாவில் ஓடிவந்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டாரு டாக்டர்! நீ ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டேன்னு திட்டுறாரு லா!"

அன்றே பட்டியலில் அவர் பெயரை அடித்தேன். மற்றவர்களுக்கும் கொடுத்தோம், நால்வர் தேறினார்கள். வயதான தையல்காரர் ஒருவர் மட்டும் தேறவில்லை. அதே மண்டி, அதே அளவு, ஒரு மாதம் முழுக்க. தினமும் காலையில் அவருக்குச் சவரம் செய்துவிட்டு உன் பெயரைச் சொல்வாய். அவர் புதிதாய்க் கேட்பவர்போல் தலையாட்டுவார்.

"இவருக்கு ஏன் நினைவு வரேல்லை?" என்று கேட்டாய். அவர் பெயரையும் நான் எழுதவில்லை. ஜப்பானிய அதிகாரியிடம் வெறுங்காகிதத்தைக் கொடுத்து, நானும் இரண்டு அறை வாங்கினேன். தையல்காரர் நம் கட்டிலிலேயே, உன் கையைப் பிடித்துக்கொண்டே போனார்.

போர் முடியச் சில வாரங்கள் இருக்கையில் மலேரியா உன்னைக் கொண்டுபோனது. உன் கேள்வியோடு நான் மறதி ஆராய்ச்சிக்குப் போனேன். தையல்காரரைப் போன்றவர்களின் மூளையில் நரம்பணுக்களே செத்துக் கிடப்பதை நுண்ணோக்கியின் கண்ணாடித் தகட்டில் பார்த்தேன். அவை ஏன் சாகின்றன என்பது இன்னும் பிடிபடவில்லை. "இதுக்கெல்லாம் மருந்து வராது டாக்டர், இந்த வயசுல எதுக்கு இவ்வளவு கஷ்டம்?" என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். நான் வாதாடுவதில்லை, வேலையைப் பார்க்கிறேன்.

போன வாரம் ஓர் ஆசிரியை இறந்தார். கடைசி நாட்களில் சொந்த மகளையே அவருக்குத் தெரியவில்லை. அந்த மகள்தான் தாயின் மூளையை ஆய்வுக்குத் தரச் சம்மதித்தாள். "காரணம் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க டாக்டர்" என்றாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாளை அந்த ஆசிரியையின் மூளைத் தகடுகள் தயாராகிவிடும். விடிந்ததும் போய்விடுவேன்.